அப்பா பேர் கன்னையன்

டிக்கெட் போட்டுக் கொடுத்த முபின் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மேஜையில் விரித்துவைத்துச் சொன்னான்: "அக்கா, ஒங்களோடதுல புருசன் பேரு அருள்பாண்டின்னு இருக்கு. பாப்பாவோடதுல அப்பா பேரு கன்னையன்னு இருக்கு. ஏர்போர்ட்ல கேட்டாலும் கேப்பாங்க. பாப்பாவோட அப்பாகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிருங்க. நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போடணும்."

அன்றிலிருந்து பொன்னுமணிக்குத் தூக்கம் போயிற்று. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. மறுநாள் பச்சைக் காயையும் வெளுத்த காயையும் ஒரே தட்டில் தள்ளிவிட்டு மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினாள்.

கன்னையனைக் கோர்ட்டில் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை தாயிடம் இருக்கலாம் என்று தீர்ப்பில் இருந்தது. வெளிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டாள். துபாயில் சமையல் வேலை பார்க்கும் அவன், கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் வந்து இருங்கள் என்று தாய்க்கும் மகளுக்கும் முபின் மூலமாக டிக்கெட் எடுத்திருந்தான்.

கன்னையன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தான். போனில் சொன்னால் மறுத்துவிடுவான் என்று பயந்து, விடிகாலையில் கூலியாட்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறினாள். ஒவ்வொரு வளைவிலும் பேச வேண்டியதை மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். நேரில் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. கடிதத்தை மட்டும் நீட்டினாள்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

"திரும்பி வருவீங்கள்ல?"

"ஜூன் ஒண்ணாந்தேதி பள்ளிக்கூடம் தெறக்குது. அதுக்குள்ள வந்துருவோம்."

"திங்கக்கெழம எறங்கி வர்றேன். நீ போ."

விமானம் செவ்வாய்க்கிழமை. திங்களன்று காலை ஒன்பது மணிக்கே நோட்டரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். மலையிலிருந்து வந்த ஒவ்வொரு ஜீப்பையும் வாசலுக்கு எழுந்துவந்து பார்த்தாள். மூன்று மணிக்கு அவன் வந்தான். வழியில் லோடு லாரி ஒன்று மறித்து நின்றதாம். கையெழுத்துப் போட்டான். தன் போன் நம்பரை அடியில் எழுதினான்.

"எத்தன மணிக்கு அங்க கேப்பாங்க?"

"காலையில ஒம்பது, பத்துக்குள்ள."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மதுரை விமான நிலையத்தில் அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது வயது முத்துப்பிரியாவைக் குனிந்து பார்த்து, "அப்பா எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"எந்த அப்பாவக் கேக்குறீங்க?" என்றாள் அவள்.

பொன்னுமணி முந்திக்கொண்டு கடிதத்தை நீட்டினாள். அதிகாரி அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். எஸ்டேட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மணி இரண்டு முறைதான் அடித்தது.

"கன்னையந்தான் பேசுறேன் சார். எம் மகதான். அவ ஆத்தாகூடத்தான் போறா. நாந்தான் எழுதிக் கொடுத்தேன். அனுப்பிவைங்க."

"அப்பா," என்றாள் முத்துப்பிரியா போனைப் பார்த்து.

"பத்தரமா போய்ட்டு வா ஆத்தா."

முத்திரை விழுந்தது. அன்று வேலைக்குப் போகாமல், சிக்னல் எட்டுகிற போடிமெட்டு டீக்கடை வாசலில் விடிந்ததிலிருந்து கன்னையன் நின்றிருந்தான். இதை அவள் மலையேறிப் போன ஜீப்பின் டிரைவர் சொல்லித்தான் பின்னால் அவளுக்குத் தெரிந்தது.

துபாயில் இறங்கியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே காத்திருந்த அருள்பாண்டி, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "இம்புட்டுத் தொல்லை எதுக்கு? ஊருக்குப் போனதும் பிள்ள பேர எம் பேருக்கு மாத்திரு."

அவன் பிரியமாகத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரியும்.

"வேணாங்க," என்றாள். "அடுத்த தடவையும் நான் போயி அவருகிட்ட கையெழுத்து வாங்கிக்கிறேன்."

அருள்பாண்டி பெட்டியை வாங்கிக்கொண்டு, முத்துப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தான்.