இரண்டு தரம் பட்ட பொழுது: கல்முனையிலிருந்து ஹப்புத்தளைக்கு

முப்பத்தொரு வருடம் கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் புவியியல் படிப்பித்துவிட்டுப் போன வருடக் கடைசியில் ஓய்வு பெற்றேன். இலங்கைப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவேன். சொன்னால் வெட்கம், அந்தப் படத்தில் பாதியை நான் நேரில் பார்த்ததில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்பிய ஆள். அதனால் பென்சன் கையில் கிடைத்ததும் ஒரு கொப்பி வாங்கி ஐந்து பயணங்களை எழுதினேன். மலைநாடு, யாழ்ப்பாணம், மன்னார், தெற்குக் கரை, நக்கிள்ஸ் மலைத்தொடர். எல்லாம் பகலில், காரில், ஜன்னலைத் திறந்துகொண்டு.

கொப்பியில் எழுதினால் போதுமா, மனைவி ஸரீனா சம்மதிக்க வேண்டுமே. முதல் பயணத்துக்கு மட்டும் தலையாட்டினாள். மச்சினனுடைய கார் கிடைத்தது ஒரு சனி, ஞாயிறுக்கு. நோன்பு மாதத் தலைப்பிறைக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. போன வருட நோன்பு மாதத்தில் அவளுக்கு ஒப்பரேஷன் நடந்ததில் ஒன்பது நோன்பு விடுபட்டுப் போனது. அடுத்த நோன்பு மாதத்துக்குள் ஈடு செய்ய வேண்டிய அந்தக் கழா நோன்புகளை வருடம் முழுக்க ஒவ்வொன்றாகப் பிடித்து எட்டை முடித்திருந்தாள். ஒன்பதாவதுக்கு அவள் மனதில் நிய்யத்து வைத்திருந்தது இந்தச் சனிக்கிழமை.

"பிரயாணிக்குச் சலுகை இரிக்கிதானே. ஞாயிறு கழிச்சிப் பிடியன்" என்றேன்.

"சலுகை அலுவலாப் போறவருக்கு. உலாப் போறவருக்கு இல்ல" என்றாள். "இந்தக் கடைசி நோன்பு சரியா முடிஞ்சா மத்த நாலு பயணத்தப் பத்தியும் கதைப்பம். உங்கட அவசரத்தால முறிஞ்சா, அந்தக் கொப்பியில நான் சாமான் லிஸ்ட் எழுதுவன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, என்னுடைய நாலு பயணமும் அவளுடைய ஒரு நோன்பில் தொங்கியது.

திட்டத்தில் நான் விட்ட பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்கிறவர்கள் குறைவு. 'லுஹருக்கு முதல் வாங்க', 'அஸருக்குப் பிறகு போவம்' என்று ஐந்து நேரத் தொழுகையை வைத்துத்தான் பேச்சு. ஒரு பள்ளிவாசலில் பாங்கு முடிய அடுத்த பள்ளியில் தொடங்கும். நேரம் தானாகக் காதுக்கு வரும். நானும் அப்படியே எழுதினேன். விடியல் சுபஹுக்குப் பிறகு புறப்பாடு, மதிய லுஹர் மொனராகலையில், பின்னேர அஸர் எல்லயில், பொழுதுபடும் மஃரிப் ஹப்புத்தளையில்.

சுபஹுக்குப் பிறகு கார் வரும் என்று சொன்ன மச்சினன் காலை 8.10க்கு வந்தான். கேட்டால், "சுபஹுக்குப் பிறகுதானே மச்சான்" என்கிறான். என்னத்தைச் சொல்ல. 8.20க்கு நானும் ஸரீனாவும் வெளிக்கிட்டோம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று 26 கிலோமீற்றர், முக்கால் மணித்தியாலம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் பாதை. அக்கரைப்பற்றைத் தாண்டினால் காற்று வேறு. இடப் பக்கம் கடல், வலப் பக்கம் வெட்டுக்கு நிற்கிற நெல் வேளாண்மை. விநாயகபுரத்தில் வலை காயப்போட்டிருந்தார்கள். அரைவாசிப் பாதையில் ஸரீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி" என்றாள். எனக்கு அது போதும்.

பொத்துவில் 70ஆவது கிலோமீற்றரில், 10.15க்கு. அங்கிருந்து மேற்கே திரும்பினால் லஹுகல குளம். பதினொரு யானைகள் புல்லுக்குள் நின்றன. முக்கால் மணித்தியாலம் பார்த்தோம், ஒரு சதமும் செலவில்லை. மொனராகலை 12.55க்கு. பள்ளியில் தொழுதுவிட்டு, அவள் பள்ளியில் பெண்கள் பக்கம் ஓய்வெடுத்த நேரத்தில் நான் பக்கத்துக் கடையில் 450 ரூபாவுக்குச் சோறு தின்றேன். கள்ளனைப் போலத்தான் தின்றேன். திரும்பி வந்ததும், "கருவாட்டுக் கறியா?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லயில் தொழ வேண்டிய அஸரை வெல்லவாயவில் தொழுதோம். அங்கிருந்து எல்ல 27 கிலோமீற்றர். அக்கரைப்பற்றுக் கணக்கில் இதற்கும் முக்கால் மணித்தியாலம் போட்டிருந்தேன். கடற்கரைக்காரனின் கணக்கு. இந்த 27 கிலோமீற்றர் படுத்துக் கிடக்கவில்லை, எழும்பி நிற்கிறது. முன்னால் மணல் லொறி, பின்னால் ஹோன் அடிக்கிற பஸ். 3.55க்கு ஏறத் தொடங்கியவன் 21 கிலோமீற்றர் ஓடி இராவணா நீர்வீழ்ச்சியில் காரை நிறுத்தினேன். எனக்கு மூன்று மணித்தியாலம் ஓட்டிய அசதி.

அந்த இடத்தில்தான் பொழுது பட்டது. அப்படித்தான் நான் நம்பினேன். எதிர் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க நிழல், சாரல் வேறு, உடம்பு குளிர்ந்தது. எங்கள் ஊரில் வயல்வெளிக்கு அப்பால் சூரியன் மறைந்தால் மஃரிப்தான், நோன்பு துறக்கும் நேரம்தான், அதில் இரண்டாம் கதை இல்லை. நோன்பு துறக்கக் கொண்டுவந்த ஈத்தம்பழப் பையைத் திறந்து ஒரு பேரீச்சையை அவள் கையில் வைத்தேன்.

"பாங்கு கேக்கல்லையே" என்றாள்.

"இந்தக் காட்டுக்குள்ள யாரு பாங்கு சொல்ற? பொழுது பட்டுட்டு. பிந்தாம நோன்பத் துற."

"வானம் இன்னும் வெள்ளையாக் கிடக்கு. ஃபோனப் பாருங்க."

என் ஃபோன் வழிகாட்டி வழிகாட்டியே செத்துவிட்டிருந்தது. ஓய்வோடு கைமணிக்கூட்டையும் கழற்றியவன் நான், மச்சினன் காரின் மணிக்கூடும் ஓடாது. அவளுடையது பின் டிக்கியில், பைகளுக்கு அடியில். எனக்குக் கோபம் வந்தது. "முப்பத்தொரு வருசம் புவியியல் படிப்பிச்சவன் சொல்றன், தின்னு" என்றேன்.

அவள் பழத்தை வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு, பக்கத்தில் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனாள்.

"தங்கச்சி, இஞ்ச பொழுது எத்தின மணிக்குப் படும்?"

"ஆறே காலு ஆகுங்கம்மா. இப்ப அஞ்சு பத்துதான்" என்றாள் அந்தப் பெண். "மலை மறைக்குதுங்க. எல்லயத் தாண்டிப் போங்க, வெயிலு மூஞ்சில அடிக்கும்."

ஸரீனா பழத்தைப் பைக்குள் போட்டாள். என்னை ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நான் காரைக் கிளப்பினேன். மலை நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கீறிக் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் யாரும் அங்கே நிற்காதது அல்லாஹ்வின் கிருபை.

எல்லயைத் தாண்டிப் பண்டாரவளைப் பாதையில் ஒரு வளைவு. திரும்பியதும் கார் முழுக்க வெயில். நான் அடக்கம் செய்துவிட்டு வந்த சூரியன் தேயிலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. கண் கூச நான் வேகத்தைக் குறைக்க, பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸரீனா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பண்டாரவளைப் பள்ளிக்கு முன்னால் காரை நிறுத்திக் காத்திருந்தோம். பாங்கு சொன்ன பிறகு அவள் நோன்பு துறந்தாள். முதல் பழத்தைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஒம்பதும் முடிஞ்சி" என்றாள். கண் கலங்கியிருந்தது. வருடம் முழுக்கச் சுமந்ததை இறக்கி வைத்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி, ரோட்டப் பாருங்க" என்றாள். 7.05க்கு ஹப்புத்தளை. குளிருக்கு இரண்டு கம்பளி, அறை 6,500 ரூபா.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு வழி எங்கள் மீட்டரில் 224 கிலோமீற்றர். போய்வர பெற்றோல் 9,400 ரூபா. கரையில் 40 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மலையில் இரண்டு வையுங்கள். வெல்லவாயவிலிருந்து ஏறுவதைப் பகல் இரண்டு மணிக்கு முதல் தொடங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சின்னக் கியரில் வாருங்கள். ஃபோன் சார்ஜர் காருக்குப் பொருந்துமா என்று ஊரிலேயே பாருங்கள். நேரத்தை மணியில் எழுதுங்கள். பாங்கு சொல்லும் வக்து தொழுகைக்கு, திட்டத்துக்கு மணிக்கூடு.

ஞாயிறு திரும்பும்போது ஸரீனா அதே நீர்வீழ்ச்சியில் காரை நிறுத்தச் சொன்னாள். சோளக்காரப் பெண்ணிடம் மிச்ச ஈத்தம்பழம் முழுவதையும் கொடுத்துவிட்டு, இரண்டு சோளம் வாங்கி வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். மற்றதைக் கடித்துக்கொண்டே என் கொப்பியை மடியில் விரித்தாள். சாமான் லிஸ்ட்தான் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மறுகா எங்க?" என்றாள்.

"யாழ்ப்பாணம்."

"அங்க மலை கிடக்கா?"

"ஒரு மலையும் இல்ல."

"அப்ப உங்கள நம்பி வரலாம்" என்றாள்.