ஆறு வருடக் குதிரை அனுபவம்

1. ஃபார்ம்

டெக்சஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலை போன பிறகு நான் ஆரம்பித்த டிராவல் ஏஜென்சி, பல வருடம் ஆர்லாண்டோ, அலாஸ்கா க்ரூஸ், காசி–ராமேஸ்வரம் என்றே ஓடிக்கொண்டிருந்தது. சலித்துப்போய் ஒருநாள், 'போட்ஸ்வானாவில் ஐந்து நாள் குதிரை சஃபாரி, நானும் கூட வருகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜீப்பில் உட்கார்ந்து யானை பார்ப்பது வேறு. இதில் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. யானை துரத்தினால் கைடு பின்னாலேயே குதிரையை கேலப்பில், அதாவது முழு வேகத்தில், விரட்டித் தப்ப வேண்டும். அதனால் கேம்ப்காரர்கள் முன்கூட்டியே ஒரு ஃபார்ம் வாங்குவார்கள். வயது, எடை, குதிரை அனுபவம். வேகமாக ஓட்டத் தெரியாதவருக்குக் குதிரை கிடையாது.

ஆறு பேரில் ஒருவரான முருகேசன் ஈரோட்டுக்காரர், சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். அவர் ஃபார்மில் 'ஆறு வருடம்' என்று இருந்தது. சந்தேகப்பட்டு போன் பண்ணினேன்.

"ஆறு வருஷமா எங்க சார் ஓட்டறீங்க?"

"ஏறுனதே இல்லீங்க மேடம்."

"அப்புறம் ஆறு வருஷம்னு போட்டிருக்கீங்க?"

"ரெஸ்யூமேல அப்படித்தானுங்க போடுவோம். ப்ராஜெக்ட் ஸ்டார்ட் ஆக நாலு மாசம் இருக்குதுல்லங்க, அதுக்குள்ள பிக்கப் பண்ணிக்கலாமுங்க."

"இது கிளையண்ட் இன்டர்வியூ இல்ல சார். யானை உங்க ரெஸ்யூமேவைப் படிக்காது. நீங்க ஒருத்தர் பின்தங்கினா எல்லாரும் மாட்டிப்பாங்க."

பிடிபிடி என்று பிடித்துவிட்டு, ஃபார்மைத் திருத்தி, பக்கத்து ஊரான அலனில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் ஒரு லாயத்தில் அவரைச் சேர்த்துவிட்டேன். மனிதர் வாரம் மூன்று நாள் தவறாமல் போனார். ஒருமுறை விழுந்து, தோளில் ஐஸ் பேக்கோடு டீம் மீட்டிங்கில் உட்கார்ந்தாராம்.

என் ஃபார்ம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. அதில் 'சிறு வயது முதல்' என்று எழுதியிருந்தேன். முழுப் பொய்யில்லை. எட்டு வயதில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு போயிருக்கிறேன். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். அலன் லாயத்துக்கும் ஆறு சனிக்கிழமை போனேன். மெதுவான ஓட்டமான ட்ராட் வந்தது, அதற்கடுத்த வேகமான கேன்ட்டர் வரவில்லை. டூர் லீடரை யார் டெஸ்ட் பண்ணப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

2. மரம் வரை

முதல் நாள் காலை கேம்ப்பில் குதிரைகள் சேணத்தோடு வரிசையாக நின்றன. பின்னால் வெள்ளம் பரந்த புல்வெளி. அதற்கப்பால் நாலு ஒட்டகச்சிவிங்கிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

கைடு பெயர் நாலேடி. உள்ளூர்ப் பெண், அதிகம் பேசாதவர். தூரத்து மரம் ஒன்றைக் காட்டி, கேன்ட்டரில் போய் வரச் சொன்னார். நான் சேணத்தைப் பார்த்தேன். டெக்சஸ் சேணத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கும். இதில் இல்லை.

நாலேடி முருகேசனிடம் எவ்வளவு அனுபவம் என்று கேட்டார். "நாலு மாதம்" என்றார் அவர், உள்ளது உள்ளபடி. போய்விட்டு அத்தனை பல்லும் தெரியத் திரும்பினார். மற்ற ஐவரும் தேறினார்கள்.

நாலேடி என் ஃபார்மைப் புரட்டினார். "சிறு வயது முதலா? நல்லது. நீங்கள் கடைசிக் குதிரையில் வாருங்கள். யாராவது தடுமாறினால் உங்கள் பொறுப்பு."

ஆறு பேரும் என்னை நிம்மதியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் என்னை உலுக்கியது. "எனக்குக் கேன்ட்டர் வராது" என்று சொல்லிவிட்டேன்.

நாலேடி திட்டவில்லை. ஃபார்மில் ஒரு கோடு போட்டு ஏதோ எழுதி என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாடு ஏற்றிய ஜீப்பைக் காட்டினார். கிளம்பும்போது முருகேசன் மட்டும் குதிரை மேலிருந்து குனிந்தார்.

"அஞ்சு நாள் இருக்குதுங்க மேடம். பிக்கப் பண்ணிக்கலாமுங்க."

3. ஜீப்பிலிருந்து

பத்து மணிக்கு அந்தக் காட்சியைப் பார்த்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஏழு குதிரைகள் கேலப்பில் போகின்றன, பக்கத்திலேயே ஒட்டகச்சிவிங்கிகள் ஓடுகின்றன, நடுவில் ஈரோட்டுக்காரர். நான் சீட் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

தினமும் சாயங்காலம் நாலேடி எனக்குப் பாடம் எடுத்தார். கடைசி நாள் அந்த மரம் வரை கேன்ட்டரில் போய் வந்தேன். ஆறு பேரும் விசில் அடித்தார்கள். காட்டுக்குள் மட்டும் அந்தத் தடவை விடவில்லை. ஒரு வருடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு அடுத்த குழுவோடு போனேன், கடைசிக் குதிரையில். அப்போது யானை நிஜமாகவே துரத்தியது. ஏழு பேரும் முழுசாகத் திரும்பினோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் நானே செய்வதும் ஒன்றுதான். குதிரை சஃபாரி கேட்டு யார் கூப்பிட்டாலும், வெற்று ஃபார்மோடு என் பழைய ஃபார்மையும் சேர்த்து அனுப்புகிறேன். 'சிறு வயது முதல்' என்பதன் மேல் நாலேடி போட்ட கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'லஞ்ச் ஜீப்'. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் திரும்பப் போன் வரும், முதலில் சொன்ன அனுபவத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள.