ஐசியூவுக்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட்

என்னுடைய பழைய போன் நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே செத்துப்போகும். முப்பது, இருபது என்று மரியாதையாக இறங்கி, சிவப்பு காட்டி, நம்மை எச்சரித்துவிட்டுப் போகிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். ஓடிப்போய்ச் சார்ஜரில் போட்டால் ஒரு சதவீதம் என்று காட்டும். அப்படியானால் இவ்வளவு நேரம் என் கண்ணுக்குத் தெரிந்த அந்த நாற்பது எங்கே போனது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

சார்ஜ் ஏற்றுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஒயரைச் சொருகுகிற துளை தளர்ந்துபோயிருந்தது. ஒயரை மேல்பக்கமாக வளைத்து, அடியில் பஸ் டிக்கெட்டை மடித்து முட்டுக்கொடுத்து, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தால் ஏறும். பக்கத்தில் யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் நின்றுவிடும். இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது மின்வாரிய அலுவலகத்தில், கணக்குப் பிரிவில். கரண்ட் ஆபீஸ்காரி கையில் சார்ஜ் இல்லை என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் எனக்கு நேரெதிர். தோவாளைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பிச்சிப்பூத் தோட்டம் இருக்கிறது. சந்தையில் விலை கேட்பது, பறிக்க ஆள் கூப்பிடுவது எல்லாம் அவருக்குப் போனில்தான். எண்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. என் போனைத் தூரப் போடச் சொல்லி நச்சரிப்பார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பேன் நான். மிக்சியானாலும் குடையானாலும் என் வழக்கம் அதுதான். பிடிவாதம் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். சிக்கனம் என்று சொன்னால் பேசாமல் இருப்பேன்.

ஐப்பசி மழை நாளொன்றில், காலையில் பூப் பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து வாய்க்காலில் விழுந்தார். தலைக்குள்ளே ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. பறிக்க வந்தவர்கள் தூக்கிக் கரையில் போட்டார்கள். சட்டைப் பையிலிருந்த அவருடைய போன் தண்ணீர் குடித்து அன்றோடு முடிந்தது. நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆப்பரேஷன் செய்தார்கள். இனி அவர் கண் திறக்கவேண்டும், திறந்தால்தான் மேற்கொண்டு எதையும் சொல்லமுடியும் என்றார் டாக்டர். எங்கள் ஒரே மகள் பெங்களூரில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவள் வரமுடியாது. நான் தனியாக உட்கார்ந்தேன்.

ஐசியூ மூன்றாம் மாடியில். எங்களை இருக்கச் சொன்னது தரைத்தளத்தில் ஒரு ஹாலில். நோயாளியோடு இருப்பவருக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்று பெயர், கேரளத்திலிருந்து வந்த பழக்கம். பைஸ்டாண்டரின் போன் நம்பரை மேலே எழுதி வைத்துக்கொள்வார்கள். மருந்து வாங்கவேண்டுமா, கையெழுத்து வேண்டுமா, டாக்டர் பேசவேண்டுமா, எல்லாவற்றுக்கும் போன்தான். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் மேலே போய்ப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் உள்ளே கிடக்கிறவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது அந்தப் போன் மட்டும். என்னுடையதோ நாற்பதில் சாகிற போன்.

புதிதாக ஒன்று வாங்கிவரும்படி யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. போனை இடது கையில் பிடித்து, அணைந்துவிட்டதா என்று கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிட்டது.

அவ்வளவு பெரிய ஹாலில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, தண்ணீர் மெஷினுக்குப் பின்னால். எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்போம். இனயம் கடற்கரையிலிருந்து வந்திருந்த ஒருத்தி ஒயர்க்கூடையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்து அதில் மாட்டினாள். மாற்றுத் துணியும் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டு வருவார்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை யார் ஆஸ்பத்திரிக்கு எடுத்துவருவார்கள் என்று எனக்கு ஆச்சரியம். முப்பது வயதிருக்கும். அவள் கணவருக்குப் படகில் வலை இழுக்கும்போது இரும்புக் கம்பி தெறித்துத் தலையில் அடித்துவிட்டது. அவரும் கண் திறக்கவில்லை.

கடலுக்குப் போனால் சிக்னல் இருக்கும் இடம்வரை அவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே போவாராம். பிறகு ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போது சிக்னல் கிடைக்கிற முதல் இடத்தில் மறுபடியும் கூப்பிடுவாராம். அது எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லமுடியாது. அதனால் அவள் கல்யாணமான நாளிலிருந்து போனைச் சார்ஜ் இல்லாமல் வைத்ததே இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. எனக்கும் ஒரு மனுஷன் தினம் தோட்டத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார்.

என் போனுக்கு நான் பஸ் டிக்கெட் முட்டுக்கொடுப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். அவளும், பக்கத்திலிருந்த கருங்கல் என்ற ஊர்க்காரரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்த ஹாலில் நான் சிரித்தது அப்போதுதான். கருங்கல்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மா மேலே இருந்தார். இவர் வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருப்பார், நடுநடுவே ஒயர்களின் தரத்தைப் பற்றியும் பேசுவார்.

அன்று மாலை மேலே போனபோது அந்த இனயத்துப் பெண்ணும் என்னோடு வந்தாள். நர்ஸிடம் என் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்க நம்பரயும் எழுதிக் குடுங்க எக்கா," என்றாள். "எனக்க போன் சாவாது."

அப்படித்தான் என் கணவரின் பெயருக்கு எதிரே இரண்டாவதாக அவளுடைய நம்பர் ஏறியது.

பிளக் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. குளிக்கவோ டீ குடிக்கவோ போனவர்களின் போன் அடித்தால் அவர்தான் எடுக்கவேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம். யாருடைய போன் அடித்தாலும் நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிடுவோம். பார்த்தால் பால்காரராக இருக்கும், சொந்தக்காரராக இருக்கும். மறுபடி உட்காருவோம். அடிக்கவேண்டும் என்றுதான் சார்ஜ் போடுகிறோம், அடித்தால் பயப்படுகிறோம். இந்தப் பயமும் இந்த ஆசையும் ஒரே ஒயரில் ஏறுகிறதே என்று யோசித்தபடி இருப்பேன்.

மேலே என் கணவரின் தலைமாட்டில் ஒரு மெஷின் இருந்தது. பச்சையில் ஓர் எண், நீலத்தில் ஓர் எண். நீலம் தொண்ணூற்றெட்டு காட்டியது. நல்லா இருக்கு என்றாள் நர்ஸ். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பல வருஷமாக ஓர் எண் என் கைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லியிருக்கிறது. நாற்பது என்று காட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் எண்களோடு குடும்பம் நடத்தியவள் நான். ஆனால் அந்தத் தொண்ணூற்றெட்டைப் பார்த்துவிட்டு அவருடைய மூடிய இமையைப் பார்க்கும்போது, எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றுதான் இருந்தது. இமை அசையவேண்டும். எனக்கு அது போதும்.

ஒருநாள் காலையில் இனயத்துப் பெண்ணின் போன் அடித்தது. வழக்கம்போல எல்லோரும் எழுந்தோம். அவள் எடுத்துக் கேட்டாள். படியேறினாள், லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. திரும்பி வந்தபோது எங்களில் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை, கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. நான் அவளுடைய கூடையில் துணிகளை எடுத்து வைத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றப் போனபோது என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"கெடக்கட்டும் எக்கா. இங்க இனியும் ஆளு வரும்லா."

எனக்கு அவளோடு போகவேண்டும் என்றிருந்தது. அடக்கம் மறுநாள். ஆனால் ஹாலை விட்டு எப்படிப் போவேன்? ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டும்வரை நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேலே எழுதி வைத்திருக்கும் நம்பரை மாற்றச் சொல்லவேண்டும் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.

மறுநாள் நண்பகல், சாப்பிடாமல் கிடந்து நீங்களும் மேலே போய்ப் படுக்கப்போகிறீர்களா என்று கருங்கல்காரர் ஒரு சத்தம் போட்டதால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த கடைக்குப் போனேன். போனை இலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். கிளம்பும்போது நாற்பத்துச் சொச்சம் காட்டியது. அணைந்துகிடந்ததை நான் கவனிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கருங்கல்காரர் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தார். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது.

"அக்கா, வாருங்க. இனயத்துலேந்து அந்தப் பிள்ள விளிச்சா. அண்ணன் கண்ணு தொறந்தாவளாம். ஒங்களத் தேடுதாவ."

கை கழுவாமல் ஓடினேன். என் போன் கிடைக்காததால் இரண்டாவது நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். அவள் எனக்கு அடித்துப் பார்த்து, நான் கிடைக்காமல், ஹாலில் நம்பர் வாங்கியிருந்த கருங்கல்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது என் கண்ணில் வேறெதுவும் படவில்லை. கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். வாயில் குழாய் இருந்ததால் பேசமுடியவில்லை. நான் அவர் விரலைப் பிடித்தேன், அவர் திருப்பிப் பிடித்தார். நர்ஸ் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

குழாயை எடுத்த பிறகு, குரல் கரகரவென்று வந்த ஒரு சாயங்காலம், என் கையைப் பார்த்து, "இன்னும் அதே போன்தானா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடையில் கொடுத்தேன். பையன் பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பேசினீர்கள் என்று கேட்டான்.

அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை நடக்கத் தொடங்கியபிறகு ஒருநாள் இனயத்துக்குப் போனேன். தெருவில் கேட்டபோது வீட்டைக் காட்டினார்கள். கடல் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்டது. சுவரில் அவள் கணவரின் படம், முன்னால் மெழுகுவர்த்தி. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நன்றி சொல்ல வந்தவள் நான். அந்த வார்த்தையை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அடக்கத்து நேரத்துல எப்பிடி மக்கா போன எடுத்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"கைலதான் வச்சிருந்தேன் எக்கா. வெளிநாட்டுலேந்து அவியளுக்க கூட்டுகாரங்க விளிச்சிட்டே இருந்தாவ. சவப்பெட்டிக்க பக்கத்துல இருக்கேன், அப்ப போன்ல ஐசியூண்ணு எழுதி வருது. எடுத்தேன். பேஷண்டு கண்ணு தொறந்துட்டாரு, ஒடனே வாருங்கண்ணு சொல்லுதாவ."

சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எனக்க மாப்பிளைக்க மொகத்தப் பாத்தேன் எக்கா. அதுக்குப் பொறவுதான் ஆஸ்பத்திரிலேந்து அண்ணனுக்க பேரச் சொன்னாவ."

என்னால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. என் கணவர் உள்ளே கிடந்த நாட்களில் அழாமல் வைத்திருந்தது அத்தனையும் அந்த வீட்டில் வைத்து வந்தது. அவள் வீட்டில், அவள் துக்கத்தில், நான் சத்தம் போட்டு அழுதேன். எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான்.

"அண்ணன் இப்ப நல்லா நடக்காவளா எக்கா?" என்று கேட்டாள்.

முற்றம்வரைக்கும்தான் என்று மெதுவாகச் சொன்னேன்.