பதிமூன்றாம் சேனல்

ஜெசிந்தா திண்டிவனத்தில் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்பவர். ஜூஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் பத்துக்கு எட்டு அடியில் அவருடைய கடை. பிரம்மதேசம் பக்கத்தில், கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். டிப்ளமா முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தார். கம்பெனி மூடியதும் ஊர் திரும்பிக் கடை போட்டார். ஒரு பொருள் ஓடினால் போதும் என்று அவரால் விட முடியாது. ஏன் ஓடுகிறது என்றும் தெரிய வேண்டும். அதனாலேயே வேலை தாமதமாகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைபட்டுக்கொள்வார்கள்.

போன வருடம் ஆடி மாதம், கூட்டேரிப்பட்டில் லாரி எடைமேடை வைத்திருக்கும் சித்தார்த்தன் அவரிடம் ஒரு லேப்டாப் வாங்கிப் போனார். பழைய மெஷின் என்பதால் ஜெசிந்தா அதில் யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த, இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தைப் போட்டிருந்தார். வைஃபை கார்டு பழுதாகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து கழிவுச் சரக்கில் வந்த வேறொரு லேப்டாப்பின் கார்டைக் கழற்றி மாட்டியிருந்தார்.

மூன்றாம் நாளே சித்தார்த்தன் திரும்பி வந்தார், வைஃபை வரவில்லை என்று. ஜெசிந்தா போட்டுப் பார்த்தார். உடனே வந்தது. எடுத்துப் போனவர் அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றார்.

“உங்க கடையில நல்லா ஓடுது சிஸ்டர். எங்கிட்ட வந்தா மட்டும் படுத்துக்குது. ஒரே பேஜாரா போச்சு.”

ஒரு நாள்கூட வரவில்லையா என்று கேட்டார் ஜெசிந்தா. கரண்ட் போய் வந்தால் சில சமயம் வரும், அடுத்த கரண்ட் கட்டோடு போய்விடும் என்றார் அவர். அதைக் கேட்டபின் ஜெசிந்தாவுக்குக் கடையில் உட்கார முடியவில்லை. ஜூஸ் கடை புனிதாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

எடைமேடை அறையில் ஜெசிந்தாவின் போனுக்கு வைஃபை நன்றாகவே கிடைத்தது. லேப்டாப்போ, எதிர்ப்பக்கத்துப் புரோட்டா கடையின் வைஃபையைக் காட்டியது, சித்தார்த்தனுடையதைக் காட்டவில்லை. ஜெசிந்தா ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். இந்தியாவில் வைஃபை, சேனல் எனப்படும் பதிமூன்று அலைவரிசைகளில் ஏதாவது ஒன்றில் பேசும். ரவுட்டர் ஒவ்வொரு முறை எழும்போதும் நெரிசல் குறைந்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். எந்த முறை எந்தச் சேனல் என்று போனில் பார்த்து ஒரு எடைச் சீட்டின் பின்னால் எழுதினார். பதிமூன்றில் இருந்தபோது லேப்டாப்புக்குத் தெரியவில்லை. ஆறுக்கு வந்ததும் சேர்ந்துகொண்டது. மறுபடி பதிமூன்று, மறுபடி காணோம்.

ரவுட்டரை ஆறிலேயே நிற்க வைத்தார். சித்தார்த்தன் டீ வாங்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஜெசிந்தாவுக்கு முடியவில்லை. கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இந்த டிரைவரை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இரண்டு ஞாயிறுகள் கோவிலுக்குப் போய் வந்ததும் உட்கார்ந்து படித்தார். கார்டின் நினைவகத்தில் ஒரு நாட்டின் குறியீடு இருந்தது, அமெரிக்கா. டிரைவர் அதைப் படித்து, அந்த நாட்டு வழக்கப்படி பதினொன்றாம் சேனலோடு நிறுத்திக்கொண்டது. இந்தியா என்று மாற்றக் கட்டளை கொடுத்தார். ஏற்றுக்கொண்டதுபோல் தெரிந்தது, ஆனால் ஒன்றும் மாறவில்லை.

சித்தார்த்தனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“நாம இங்க இருக்கோம்னு அதுகிட்ட சொல்லக் கூடாதா?” என்றார் அவர்.

“சொல்லிப் பாத்துட்டேண்ணா. கேக்கவும் மாட்டேங்குது, கேக்க மாட்டேன்னு சொல்லவும் மாட்டேங்குது.”

டிரைவரின் கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிரைவரைப் பராமரிப்பவருக்கு எழுதலாம் என்று தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் நடந்ததை மட்டும் எழுதி, சேனல் பட்டியலையும் சேர்த்து அனுப்பினார். நாலாம் நாள் நார்வேயிலிருந்து பதில் வந்தது. கார்டு தன் நாட்டுக் குறியீட்டை மீறாதது சரிதான், ஆனால் அதைச் சொல்லாமல் விழுங்குவது தவறு என்று பராமரிப்பவர் எழுதியிருந்தார். ஓர் எச்சரிக்கைச் செய்தியைத் தான் சேர்ப்பதாகச் சொல்லி, கையேட்டுக்கான வரிகளை ஜெசிந்தாவே எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். எழுதித் தந்தார், இரண்டு வாக்கியம். அவர் ஒரே ஒரு சொல்லை நீக்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். ஐப்பசியில் வந்த புதிய பதிப்பில் அந்த வரிகள் இருந்தன. மாற்றங்களின் பட்டியலில் ஜெசிந்தாவின் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

பட்டியலை மூடிவிட்டு அதே டிரைவரின் நிரலை இன்னும் கீழே தள்ளிப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கார்டு எழும்போது அதற்குள் ஓர் எண்ணை எழுதும் வரி. பக்கத்தில் யாரோ குறிப்பு வைத்திருந்தார்கள்: இது என்ன செய்கிறது என்று தெரியவில்லை, எடுத்தால் கார்டு எழுவதில்லை. குறிப்புக்கு வயது பதினாறு வருடம்.

இப்போது அதே வகைக் கார்டுகள் இரண்டை விற்காமல் மேசையிலேயே வைத்திருக்கிறார். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் அந்த எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இதுவரை ஒன்பது எண்கள். ஒன்றில் மட்டும் கார்டு எழுந்து வேலை செய்தது, ஆனால் வைஃபை ஓடுவதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. அது ஏன் என்று நார்வேக்காரருக்கும் தெரியவில்லையாம்.