ஆறு பேரில் அம்மா உண்டா

போன வாரம் விழுப்புரத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தேர்வில் எந்தக் கேள்வி கடினமாகப் படுகிறது, ஏன் படுகிறது என்று காலையிலிருந்து மாலை வரை பேசினோம். வாக்கியம் நீளம் என்றார் ஒருவர். தேவையில்லாத விவரங்களைப் போட்டுக் குழப்புகிறோம் என்றார் இன்னொருவர். எல்லாம் சரிதான். எனக்குத் தலை வலித்தது. திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் நான் மாட்டிக்கொண்ட கேள்வி ஒன்று கூடவே ஏறி வந்துவிட்டது.

‘நிலக்கடலை பறிக்க ஆறு பேருக்கு நான்கு நாள் ஆகும். பன்னிரண்டு பேர் பறித்தால் எத்தனை நாள்?’

பெருமுக்கல் பக்கம் எங்கள் ஊர். அங்கே நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். அம்மாவும் பெரியம்மாவும் போன மல்லாட்டை பிடுங்கும் கூட்டத்திலும் ஆறு பேர்தான். ஒரு கொல்லை நிலத்துக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி பேசி எடுப்பார்கள், ஆளுக்கொரு வரிசை. நாள் கூடினால் எல்லோருக்கும் நஷ்டம். அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனாலும் விட்டால் இடம் போய்விடும் என்று போனாள். குனிந்தால் நிமிரப் பாடுபட்டாள். அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பெரியம்மா அவள் வரிசையில் புகுந்து மளமளவென்று பிடுங்கிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடிவிடுவாள். அம்மா திரும்பி வந்து ஆச்சரியப்பட்டால், “ஒன் வரிசைல செடியே இல்லடி, குடுத்து வச்சவ” என்பாள். மற்ற நாலு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அம்மா நம்பினாள், அல்லது நம்ப ஆசைப்பட்டாள். பள்ளி இல்லாத நாட்களில் வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தேர்வில் எழுந்து கேட்டேன். “டீச்சர், இந்த ஆறு பேருல எங்கம்மா உண்டா?”

வகுப்பே சிரித்தது. டீச்சர் பாவம், அவருக்கும் அன்றைக்கு என்ன அலுப்போ. “கணக்குல வர்றவங்க யாரோட அம்மாவும் இல்ல. உக்காந்து எழுது” என்றார்.

‘எங்கள் அம்மா இல்லாவிட்டால் இரண்டு நாள்’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண் போட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “நான் இருந்தா எத்தினி நாளு?”

அதைக் கேட்க மாட்டாளா என்றுதான் காத்திருந்தேன். “நீ பாதி ஆளும்மா. நீ தண்ணி குடிக்கப் போவசொல்ல பெரியம்மாதான் ஒன் வரிசையும் புடுங்கிக்கினு இருக்குது. அது இல்லன்னா நாலு நாள்ல முடியாது.”

அம்மா என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். பிறகு, “கணக்கு நல்லா வருது ஒனக்கு” என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் பெரியம்மா வாசலில் நின்று, “ஜல்தி வாடி” என்று கூப்பிட்டாள்.

“நீ போக்கா. முழு ஆளா ஒருத்திய சேத்துக்க. பாதி ஆள இழுத்துக்கினு திரியாத.”

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. “பாதி ஆளுன்னு எவடி ஒங்கிட்ட சொன்னது? சொல்லுடி, யாரு?” என்று விடாமல் கேட்டாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், சொல்லவேயில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டது நான்தான் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.