கஜா மறைத்த ரிப்போர்ட்

எண்ணூரில் நிலக்கரி இறக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. அங்கே சூப்பர்வைசர் என் மனைவியின் தம்பி கஜா. ஒருநாள் கண்ணில் தூசி விழுந்தது. சிவந்ததே தவிர வலி பெரிதாக இல்லை. தண்ணீரில் கழுவிக்கொண்டே பத்து நாள் வேலைக்குப் போனேன். கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பூஞ்சைத் தொற்று. சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"எனுக்கு சுகரே இல்ல சார். வேலையில டெஸ்ட் எடுத்தாங்கோ, நார்மல்."

ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை எக்கச்சக்கம். அதனால்தான் கண்ணில் உணர்ச்சி மழுங்கி, வலி தெரியாமல் போயிருக்கிறது என்றார்.

நார்மல் என்று சொன்னவன் கஜா. நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"ரிப்போர்ட்ல அப்பவே சுகர் இருந்துச்சு மாமா. ஆபீஸ்ல காட்டினா உன்ன நிறுத்திருப்பாங்கோ. அதான் நார்மல்னு மாத்தி வெச்சேன்."

"ஆபீஸ்ல மறைச்ச, சரி. என்னாண்ட இன்னாத்துக்குடா மறைச்ச?"



அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. நம் நல்லதுக்குத்தானே செய்தான் என்கிறாள் மனைவி. என்னிடம் சொல்லியிருந்தால், ஆபீசில் மறைக்கச் சொல்லி நானே அவனைக் கெஞ்சியிருப்பேன். ஆனால், மாத்திரை போட்டிருப்பேன்.