கரண்டி மூக்குக்கு இரண்டாவது சாட்சி

பல்செட் செய்கிறவள் எதையும் வாயிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். மனிதர்களிடம் அது கொஞ்சம் மரியாதைக் குறைவு, பறவைகளிடம் பரவாயில்லை. கடற்கரைச் சேற்றில் மேயும் உள்ளான்களை அவள் மூக்கை வைத்தே பிரித்துவிடுவாள். போன வருடம் தனியாகப் போனபோது, மூக்கு நுனி கரண்டிபோல் அகன்ற ஒரு குட்டி உள்ளானைப் பார்த்துவிட்டாள். பறவைச் சங்கத்தின் செயலாளர், கோபப்படாமலே மறுக்கத் தெரிந்தவர், "சேறு ஒட்டியிருக்கும்மா" என்றார். இரண்டு பேர் பார்த்தால்தான் அரிய பறவை சங்கத்தின் பதிவில் ஏறும். பறவை ஏறவில்லை. ‘கரண்டி’ என்ற பட்டப்பெயர் மட்டும் அவள்மேல் ஏறிக்கொண்டது.

அவள் பொய் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை. பார்க்கத் தெரியாதவள் என்றுதான் நினைத்தார்கள். அதுதான் ஒரு வருடமாக அவளை அரித்தது.

இந்த வருடக் கணக்கெடுப்புக்கு நாத்தனாரை இழுத்துக்கொண்டு வந்தாள். நாத்தனாருக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலை, கண் கூர்மை. பறவை ஞானம்தான் போதாது. காக்கை, காக்கை அல்லாதது என்று இரண்டே வகை. அதனால் முந்தின நாளே, பல்செட்டில் ஈறுக்கு ஊற்றும் பொருளை எடுத்து, அந்த மூக்கை அச்சு அசலாகச் செய்து அவளிடம் காட்டியிருந்தாள்.

காலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்கோட்டைக் கழற்றினார்கள், மழை பிடித்துக்கொண்டது. மாட்டினார்கள், வெயில் வந்தது. மூன்றாவது தடவை குடை மேல்நோக்கி மடங்கிக் கிண்ணமானது.

"அண்ணி, நாம பறவை பாக்க வந்தோமா, துணிக்கடையில உடுப்பு போட்டுப் பாக்க வந்தோமா?"

"கையை நுழை முதல்ல. அது என்னோட கை."

ஒரே கோட்டுக்குள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு ஆரம்பித்தது, முழங்கால் சேற்றில் பதியப் பதியச் சிரித்தார்கள். ஒருவழியாகப் பிரிந்ததும் நாத்தனார் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். பல்செட்காரி வேறு பக்கம் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தெரியுதா?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதான். ஒண்ணுக்கு மட்டும் மூக்கு நுனி தட்டையா இருக்கு. அரைமணியா அதைத்தான் வேடிக்கை பாக்குறேன்."

பல்செட்காரி சட்டென்று திரும்பினாள். "அரைமணியாவா? ஏண்டி சொல்லல?"

"இது கறுப்பு மூக்கு அண்ணி. நீங்க காட்டினது ரோஸா இருந்துச்சே."

பத்து வருடமாகக் கண்ணுக்குப் பழகிப்போன ஈறு நிறம். அது ஒரு நிறம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. அவள் தொலைநோக்கியைப் பிடுங்கினாள். அதற்குள் மழை, கண்ணாடியில் புகைதான் தெரிந்தது. கூட்டம் மொத்தமாக எழும்பியது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது சிரிப்பு. நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள்.

கூட்டம் தலைக்கு மேலே திரும்பி, காற்று தள்ளிய தள்ளலில், இருபது அடி தள்ளி இறங்கியது. தொலைநோக்கியே வேண்டாம். அந்தத் தட்டை மூக்கு உள்ளான் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் மூக்கை அலசியது. அலசி எடுத்த மூக்கு கரண்டியாகவே இருந்தது.

"சேறு இல்ல," என்றாள் நாத்தனார் மெதுவாக.

கரையிலிருந்த தகரக் கொட்டகையில் செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இருவரையும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்காரவைத்து, பேசிக்கொள்ளாமல் எழுதச் சொன்னார். பல்செட்காரியின் தாளை மேலோட்டமாகப் பார்த்தார். நாத்தனாரின் தாளில் அவர் கண் நின்றது: ‘கறுப்பு மூக்கு. நுனி தட்டை. கழுவியும் மாறவில்லை. அண்ணி செய்து காட்டிய மாதிரியில் நிறம் தப்பு.’

"சொல்லிக்கொடுத்து எழுதினவங்க இப்படி எழுத மாட்டாங்க," என்றார். பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"எந்தப் பக்கம்மா?"

"சார், மறுபடியும் மழை வருது."

"அது வரும், போகும். எந்தப் பக்கம்?"

பல்செட்காரி கை நீட்டிய திசையில் அவர் ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது; அவர் நிற்கவில்லை. பின்னால் வந்த இருவருக்கும் சிரிப்பில் கால் எடுத்து வைக்க முடியவில்லை. அவர் திரும்பி, "சத்தம் போடாதீங்க, பறந்துடப்போகுது" என்று கெஞ்சினார். பல்செட்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.